பாசிப்பயறும் பூவன் பழமும்: முளையைக் குட்டையாக்கும் சோதனை

மகளின் பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்யப் போய், இரண்டு முறை சொதப்பி மூன்றாம் முறை கைகூடியது இது.

பயறு முளைகட்டுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முளைவிட்ட பாசிப்பயற்றைப் பத்துப் பத்தாக, ஈரத்துணி விரித்த இரண்டு பெரிய தூக்குப்போசிகளில் பரப்புங்கள். நான் எவர்சில்வர் கட்சி. பிளாஸ்டிக் டப்பாவில் வெளிச்சம் நுழைந்துவிடும். ஒரு போசியில் மட்டும், தோலில் கரும்புள்ளி விழுந்த பூவன் பழத்தைக் கிண்ணத்தில் வையுங்கள். இரண்டையும் மூடி நான்கு நாள் விடுங்கள்.

எங்கே சறுக்கினேன் என்றால், இரண்டு போசியையும் ஒரே அலமாரியில் வைத்தேன். இரண்டிலும் முளை குட்டை! பழம் விடுகிற எத்திலீன் வாயு. போசி மூடிக்கெல்லாம் அது அடங்காது. தனித்தனி அறையில் வையுங்கள். அடுத்த முறை மகள் தினமும் திறந்து பார்த்தாள். வாயு வெளியேறியது, வெளிச்சம் பட்டு முளைநுனியும் நிமிர்ந்துவிட்டது.

சரியாக வந்தால், பழமில்லாத போசியில் முளைப்பாரி போல வெளிறி நெடுநெடுவென்று நிற்கும். பழமுள்ளதில் தண்டு குட்டை, தடிமன். நுனி கொக்கியாய்ச் சுருண்டிருக்கும். 1901இல் ரஷ்யத் தாவரவியலாளர் நெல்யூபோவ் பட்டாணி முளையில் கண்டதும் இதுவே.

காரணம் செல்லின் எலும்புக்கூட்டில் இருக்கிறது. செல்சவ்வுக்கு அடியில், 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள நுண்குழல்கள் ஓடுகின்றன. அவை போகும் வழியிலேதான் செல்சுவரில் செல்லுலோஸ் இழை படிகிறது. சென்னிமலைத் தறியில் ஊடை போல இழை குறுக்கே சுற்றிக் கிடந்தால், உள்ளே நீர் அழுத்தும்போது செல் பருக்க முடியாமல் நீள்கிறது. எத்திலீன் பட்டதும் நுண்குழல்கள் பாவின் திசைக்கு, அதாவது நீளவாக்கில், திரும்புகின்றன. இழையும் அப்படியே படிய, செல் பக்கவாட்டில் புடைக்கிறது.

மூலனூர்ப் பக்கம் விளைகிற கண்வலிக்கிழங்கின் விதையிலுள்ள கோல்சிசின், இந்த நுண்குழல்களையே குலைத்துவிடும். 1962இல் தாவரவியலாளர் பால் கிரீன் அதை நிட்டெல்லா பாசிக்குக் கொடுத்தபோது செல்கள் நீளாமல் உருண்டன. செல்லுலோஸ் படியும் திசையை ஆளும் இழைகள் செல்லுக்குள் இருக்க வேண்டும் என்று அதை வைத்தே ஊகித்தார். மறு ஆண்டுதான் தாவர நுண்குழல்கள் மின்னணு நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தன. வீட்டில் கண்வலிக்கிழங்கு விதையைத் தொடாதீர்கள், கொடிய விஷம்.

பிறகு சேர்த்தது: செய்து பார்த்த ஒருவருக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். விசாரித்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே வைத்திருக்கிறார். குளிரில் எத்திலீன் குறைவாகத்தான் வரும். வெளியில் பழுத்த பழமே வேண்டும்.