அன்னிக்கு கார் ஓட்டுனது யாரு? சிவில் ரைட்ஸ் காலத்து ஆளுங்ககிட்ட வாய்மொழி வரலாறு எடுக்கிறது எப்படி

அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியான்னு அமெரிக்காவோட தெற்குப் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போனவங்க கவனிங்க, உங்க பக்கத்து தெருவுல எண்பத்தஞ்சு வயசுல தோட்டத்துக்கு தண்ணி ஊத்திட்டு இருக்கிற பெரியவர் கறுப்பின மக்களுக்கு சம உரிமை கேட்டு 1950, 60கள்ல நடந்த சிவில் ரைட்ஸ் போராட்டத்துல 1963ல ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவரா இருக்கலாம். கேட்டாத்தான் சொல்லுவாங்க, சில பேரு கேட்டாலும் மொத நாள் சொல்ல மாட்டாங்க. அப்படி அவங்க வாயாலயே சொல்றதை பேட்டியா பதிவு பண்ணி வைக்கிறதுதான் வாய்மொழி வரலாறு.

இதெல்லாம் பேப்பர்லயே இருக்குமேன்னு தோணும். இருக்காது. கென்டக்கியில லெக்சிங்டன் ஊரு பத்திரிகை 2004 ஜூலை 4 அன்னிக்கு, நாங்க அந்தக் காலத்துல சிவில் ரைட்ஸ் போராட்டத்தை சரியா கவர் பண்ணாம விட்டுட்டோம்னு மொதல் பக்கத்துலயே ஒத்துக்கிட்டாங்க, நாப்பது வருஷம் கழிச்சு! அப்படி பேப்பர் கண்டுக்காம விட்ட ஊருங்க நெறைய, அங்கெல்லாம் நடந்தது மனுஷங்க ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு.

கிளம்புறதுக்கு முன்னாடி மத்தவங்க எடுத்த பேட்டிகளை ஒரு பத்து மணி நேரமாவது கேளுங்க. 2009ல அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு ஆரம்பிச்ச சிவில் ரைட்ஸ் ஹிஸ்டரி ப்ராஜெக்ட்னு ஒண்ணு இருக்கு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல வீடியோவும் எழுத்து வடிவமும் ஓசியிலயே கிடைக்கும். தெற்கு மிசிசிப்பி யுனிவர்சிட்டி, வட கரோலினா சேப்பல் ஹில், பர்மிங்ஹாம் சிவில் ரைட்ஸ் இன்ஸ்டிட்யூட் இவங்ககிட்டயும் நெறைய இருக்கு. கேக்கும்போது பதிலை விட கேள்வி எங்க சொதப்புதுன்னு பாருங்க, அதுதான் பாடம்.

அடுத்து, எப்படி கூப்பிடறது. இதை சின்ன விஷயம்னு விட்றாதீங்க. அமெரிக்கால எல்லாரையும் பேர் சொல்லித்தான கூப்பிடுவாங்கன்னு நாம பழகிட்டோம், ஆனா கறுப்பினப் பெரியவங்களை வெள்ளைக்காரங்க மிஸ்டர், மிஸ் எதுவும் போடாம வெறும் பேர் சொல்லி கூப்பிட்டதே அந்தக் காலத்துல ஒரு அவமானம். 1963ல அலபாமாவுல கேட்ஸ்டன் ஊர்ல மேரி ஹாமில்டன்னு ஒரு போராளி, கோர்ட்ல வக்கீல் "மேரி"ன்னு கூப்பிட்டதுக்கு, மிஸ் ஹாமில்டன்னு கூப்பிடுங்க, அப்பதான் பதில் சொல்வேன்னு நின்னுட்டாங்க. கோர்ட் அவமதிப்புன்னு 5 நாள் ஜெயில், 50 டாலர் அபராதம். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1964ல அந்தத் தண்டனை ரத்தாச்சு. அதனால அவங்களே பேர் சொல்லி கூப்பிடுப்பான்னு சொல்ற வரைக்கும் மிஸ்டர், மிஸஸ் போட்டு கடைசிப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்க.

இப்ப கேள்விக்கு வருவோம், எனக்கு இதுலதான் சொல்ல நெறைய இருக்கு. "போராட்டம் பத்தி என்ன நினைக்கிறீங்க", "மார்ட்டின் லூதர் கிங் பத்தி சொல்லுங்க" இப்படி ஆரம்பிச்சீங்கன்னா அவங்க ஏற்கனவே நூறு தடவை மேடையில சொன்னதையே உங்களுக்கும் சொல்லுவாங்க, அதுவும் டாக்குமெண்டரியில பார்த்த காட்சியெல்லாம் சேர்த்து. அதுக்குப் பதிலா வேலையைக் கேளுங்க. அன்னிக்கு கார் ஓட்டுனது யாரு? பெட்ரோல் காசு எங்கேர்ந்து வந்துச்சு? மீட்டிங் முடிஞ்சு ராத்திரி எந்த வழியா வீட்டுக்குப் போனீங்க? நீங்க மீட்டிங் போனப்ப குழந்தையை யார் பாத்துக்கிட்டா?

அலபாமாவுல மான்ட்கமரி ஊர்ல, பஸ்ல நிறம் பார்த்து சீட் பிரிச்சதை எதிர்த்து கறுப்பின மக்கள் பஸ்லயே ஏறாம நடத்துன புறக்கணிப்பையே எடுத்துக்கோங்க. 1955 டிசம்பர் 5ல ஆரம்பிச்சு 381 நாள் ஓடுச்சு, நமக்குத் தெரிஞ்ச பேரு ரோசா பார்க்ஸும் கிங்கும்தான். ஆனா பஸ்ல சீட்டை விட்டுத்தர மாட்டேன்னு சொன்னதுக்கு பார்க்ஸ் கைதான அன்னிக்கு ராத்திரியே காலேஜ்ல மிமியோகிராஃப்ங்கிற பழைய காலத்து நகல் மெஷின்ல பல்லாயிரம் நோட்டீஸ் அடிச்சு மறுநாள் ஊர் முழுக்க போக வச்சது ஜோ ஆன் ராபின்சன்னு ஒரு ஆசிரியை. ஜார்ஜியா கில்மோர்னு ஒரு சமையக்காரம்மா, கேக்கும் சாப்பாடும் செஞ்சு வித்து, பஸ்ஸுக்குப் பதிலா ஆளுங்களை ஏத்திட்டுப் போன கார்களுக்கான செலவுக்கு காசு குடுத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்க குழுவுக்கு வச்ச பேரு "எங்கிருந்தோ கிளப்", காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா எங்கிருந்தோன்னு சொல்லிக்கலாம்ல, வேலை போகும்னு பயந்த பொம்பளைங்க பேரு வெளிய வராது. இந்த மாதிரி விஷயம் எல்லாம் "உங்க கொள்கை என்ன"ன்னு கேட்டா வராது, காசு எங்கேர்ந்துன்னு கேட்டாத்தான் வரும்.

கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கோங்க. அவங்க நிறுத்துனா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, பெரும்பாலும் ஏழு எட்டுலயே நிஜமான பதில் ஆரம்பிச்சிரும்.

தேதி தப்பா சொல்லுவாங்க, ஆளை மாத்தி சொல்லுவாங்க. உடனே கூகுள் பண்ணி திருத்தாதீங்க ப்ளீஸ். இத்தாலியில டெர்னின்னு ஒரு இரும்பாலை ஊரு, 1949ல நேட்டோவுக்கு எதிரான ஊர்வலத்துல ஒரு தொழிலாளியை போலீஸ் கொன்னுச்சு. ஆனா அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லின்னு ஒரு ஆய்வாளர் போய் விசாரிச்சா, நெறைய பேரு அந்த சாவை 1953ல ஆலையில ஆயிரக்கணக்கான பேரை வேலையை விட்டு தூக்குனப்ப நடந்த சண்டையில நடந்ததாத்தான் சொன்னாங்க. பொய் இல்ல, அவங்களுக்கு எது பெரிய காயமோ அங்க கொண்டு போய் அந்த சாவை வச்சுக்கிட்டாங்க. தப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்தாலே அந்த ஊருக்கு எது வலிச்சுதுன்னு தெரிஞ்சிரும். அதனால பேச்சு அப்படியே இருக்கட்டும், சரியான தேதியை அடிக்குறிப்புல போடுங்க.

சரி பார்க்கறதுக்கு மிசிசிப்பியில ஒரு விசித்திரமான புதையல் இருக்கு. இனப் பிரிவினையைக் காப்பாத்த அரசே 1956ல சாவரின்ட்டி கமிஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு சொந்த மக்களையே வேவு பார்த்துச்சு, அந்த ஃபைல்கள் 1998ல தான் வெளிய வந்துச்சு, இப்ப ஆன்லைன்லயே தேடலாம். யார் வீட்டு வாசல்ல எந்த கார் நின்னுச்சுன்னு கூட எழுதி வச்சிருக்கானுங்க! ஆனா எழுதுனது உளவாளி, சம்பளத்துக்காக அளந்து விட்டதும் இருக்கும், முழுசா நம்பாதீங்க. இன்னொண்ணு, காட்டிக்குடுத்தது யாருன்னும் அதுல இருக்கலாம், அதை பேட்டி நடுவுல அவங்க மூஞ்சிக்கு நேரா எடுத்து நீட்டாதீங்க. மொதல்லயே தனியா, இப்படி ஒரு ஃபைல் இருக்கு, பேசலாமா வேணாமான்னு கேட்டுக்கோங்க.

சம்மதக் கடிதம் கட்டாயம் வாங்குங்க, பதிவை யார் போட்டுக் கேக்கலாம், எப்ப வெளியிடலாம், எந்தப் பகுதியை மூடி வைக்கணும்னு தெளிவா இருக்கணும். காப்பாத்த முடியாத வாக்கு மட்டும் குடுக்காதீங்க. அமெரிக்காவுல பாஸ்டன் காலேஜ், வட அயர்லாந்து ஆயுதச் சண்டையில இருந்த ஆளுங்ககிட்ட, நீங்க சாகுற வரைக்கும் வெளிய விடமாட்டோம்னு நம்பிக்கை குடுத்து எடுத்த பேட்டிகளை ஒப்படைக்கச் சொல்லி 2011ல கோர்ட் சம்மன் வந்துருச்சு.

மெஷின் பத்தி ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேணாம், சத்தத்தை சுருக்காம சேமிக்கிற வேவ் (WAV) ஃபார்மட்ல எடுங்க, காலர் மைக் ஒண்ணு, பேக்கப்புக்கு ஃபோன்லயும் ஓட விடுங்க, ஃப்ரிட்ஜ் சத்தம் வராத ரூமா பாருங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, பெரியவங்க அசந்து போயிடுவாங்க, இன்னொரு நாள் போங்க. ரெண்டாவது தடவைதான் பழைய ஃபோட்டோ பெட்டி வெளிய வரும்.

எழுத்துல ஏத்தும்போது அவங்க பேச்சு வழக்கை ஸ்கூல் இங்கிலீஷா மாத்தாதீங்க. மொத காப்பியை அவங்ககிட்டயே குடுங்க, சில பேரு அப்பதான் பேனாவை எடுத்து ஓரத்துல இன்னும் நாலு ஆளுங்க பேரை எழுதி, இவங்களையும் போய்ப் பாருன்னு நீட்டுவாங்க.