தமிழ் உரையை கியூஆர் கோடில் அடைப்பது எப்படி: பைட் கணக்கும் கேமராவின் எல்லையும்

கியூஆர் கோடில் எவ்வளவு கொள்ளும் என்று தேடினால் 7,089 என்ற எண்தான் முதலில் கண்ணில் படும். அது இலக்கங்களுக்கு மட்டும்; அதுவும் இருப்பதிலேயே பெரிய 40ஆம் வெர்ஷனில் (வெர்ஷன் என்பது கோடின் அளவு வரிசை எண்), மிகக் குறைந்த பிழைத் திருத்தத்தில் (கோடு சேதமானாலும் வாசிக்க உதவும் காப்பு). ஆங்கிலப் பெரிய எழுத்துகளானால் 4,296. மற்ற எல்லாவற்றுக்கும் 2,953 பைட். தமிழ் இந்தக் கடைசி வரிசையில்தான் நிற்கிறது.

1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் இதை உருவாக்கியபோது தேவை வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண்பது. அதனால் இலக்கத்துக்கு ஒரு முறை, பெரிய எழுத்துக்கு ஒரு முறை, ஜப்பானிய கான்ஜிக்குத் தனியாக ஒரு முறை என்று வைத்தார்கள். தமிழுக்கு அப்படிச் சலுகை எதுவும் இல்லை. பைட் முறையில், எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 வடிவில்தான் போக வேண்டும். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்.

எழுத்து என்று சொல்லாமல் குறியீடு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, ஆக 15 பைட். புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியே 3 பைட் தின்னும். முழு 2,953 பைட்டிலும் தமிழை நிரப்பினால் 984 குறியீடு, கண்ணால் எண்ணினால் ஐந்நூறு எழுத்துச் சொச்சம்.

பள்ளித் தோட்டத்தில் ஒரு வேப்ப மரத்துக்குப் பெயர்ப் பலகை செய்வதாக வைத்துக்கொள்வோம். இணையம் இல்லாத போனிலும் தெரிய வேண்டும், அதனால் உரையே கோடுக்குள் இருக்க வேண்டும். உரை இது:

வேம்பு, நட்டது 2019, சித்திரையில் பூக்கும்

படி 1: பைட்டை எண்ணுங்கள்

விண்டோஸ் நோட்பேடில் உரையைத் தட்டச்சு செய்து, சேவ் ஆஸ் கொடுத்து, என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ‘பிஓஎம்’ சேர்த்த வகை வேண்டாம், அது முன்னால் 3 பைட்டை ஒட்டிவிடும். கடைசி வரியில் என்டர் தட்டாதீர்கள், ஒரு என்டர் நோட்பேடில் 2 பைட். பிறகு ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். ‘சைஸ்’ என்ற வரியில் இருப்பதுதான் உங்கள் எண். அதற்குக் கீழே ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று வேறொன்று காட்டும், அது நமக்கு வேண்டாம்.

நம் உரையில் தமிழ்க் குறியீடு 32, அதாவது 96 பைட். இலக்கம், காற்புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 10. மொத்தம் 106 பைட்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒகர, ஓகார உயிர்மெய்களைச் சில பழைய தட்டச்சுக் கருவிகள் கொம்பும் காலும் தனித்தனியாக எழுதும். ‘கோ’ சரியாக இருந்தால் 6 பைட், பிரிந்து கிடந்தால் 9. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஃபைலின் அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

படி 2: பிழைத் திருத்தத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு நிலை உண்டு: எல் 7, எம் 15, கியூ 25, எச் 30 சதவீதம். இந்தச் சதவீதம் கோடுக்குள் இருக்கும் தரவுத் துண்டுகளில் எவ்வளவு சேதமானாலும் மீட்கலாம் என்பதன் கணக்கு. மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களுக்கு இந்தக் காப்பு கிடையாது. ஒரு மூலை கிழிந்தால் எச் போட்டும் பயன் இல்லை.

நிலை ஏற ஏற இடம் குறையும். 40ஆம் வெர்ஷனில் எல் என்றால் 2,953 பைட், எச் என்றால் 1,273தான். நம் 106 பைட்டுக்கு இப்படி வருகிறது:

எல்: வெர்ஷன் 5, 37×37 கட்டம்
எம்: வெர்ஷன் 6, 41×41 கட்டம்
எச்: வெர்ஷன் 10, 57×57 கட்டம்

நடுவில் பள்ளிச் சின்னம் வைப்பதாக இருந்தால் மட்டும் எச் எடுங்கள். இல்லாவிட்டால் எம் போதும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எச் போடுவது பல நேரம் எதிர்மறையாக முடியும்: பலகையின் அளவு மாறாதபோது கட்டங்கள் சிறுத்துவிடும், சிறுத்த கட்டம் வாசிக்காமல் போகும்.

எம் நிலையில் வெர்ஷன் 6இன் கொள்ளளவு சரியாக 106 பைட். உரையின் கடைசியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் 107 ஆகி, கோடு வெர்ஷன் 7க்கு, 45×45க்குத் தாவிவிடும். ‘இது யுடிஎஃப்-8’ என்று அறிவிக்கும் குறிப்பைச் சில மென்பொருள்கள் தாமாகவே சேர்க்கும். அது 12 பிட் (8 பிட் ஒரு பைட்). அதைச் சேர்த்தாலும் இதே தாவல்தான். ஒரே உரைக்கு இரண்டு மென்பொருள் இரண்டு அளவில் கோடு தருவதற்கு இது ஒரு காரணம்.

படி 3: கோடை உருவாக்குங்கள்

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், இணையமும் வேண்டாம். எக்ஸ்டென்ஷன்ஸ், ரெண்டர், பார்கோடு, கியூஆர் கோடு என்று போங்கள். உரையை ஒட்டி, அளவை ஆட்டோவில் விட்டு, திருத்த நிலையை எம் ஆக்குங்கள். எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 தானா என்று பாருங்கள். வேறெதுவாக இருந்தாலும் தமிழ் போகாது.

வலைத்தளங்களில் செய்தால் ஒரு எச்சரிக்கை. ‘டைனமிக்’ என்ற பெயரில் பல தளங்கள் உங்கள் உரையைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொண்டு, கோடுக்குள் ஒரு குட்டி லிங்க்கை மட்டும் போடும். கோடு சின்னதாக, அழகாக இருக்கும். அந்தச் சேவை நின்ற நாளில் பலகையும் ஊமையாகிவிடும்.

உரைக்குப் பதில் லிங்க் வைத்தாலும் தமிழ் இடிக்கும். தமிழ் விக்கிப்பீடியாவின் ‘வேம்பு’ பக்க முகவரியை உலாவியிலிருந்து நகலெடுத்தால் தமிழ்ப் பகுதி சதவீதக் குறிகளாக மாறி வரும். ஒவ்வொரு குறியீடும் 9 எழுத்தாகும். முன்பகுதி 30, ‘வேம்பு’ 54, மொத்தம் 84 பைட். தமிழாகவே வைத்தால் 48தான்.

வெர்ஷன் சரிதானா என்று பார்க்க எளிய வழி: மூலைச் சதுரம் எப்போதும் 7 கட்ட அகலம். அதை அளந்து 7ஆல் வகுத்தால் ஒரு கட்டத்தின் அளவு கிடைக்கும். கோடின் பக்கத்தை அதால் வகுங்கள். வரும் எண்ணில் 17ஐக் கழித்து 4ஆல் வகுத்தால் வெர்ஷன். 41 என்றால், 24ஐ 4ஆல் வகுத்து 6.

படி 4: அச்சு அளவு

கோடைச் சுற்றி நான்கு பக்கமும் 4 கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் கட்டாயம். வாசிக்காத கோடுகளில் கணிசமானவை, வடிவமைப்பாளர் இந்த ஓரத்தை ‘வீணான இடம்’ என்று வெட்டியவைதான். நமக்கு 41 கூட்டல் 8, ஆக 49 கட்டம்.

300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிரிண்டரில் ஒரு கட்டத்துக்கு 12 புள்ளி கொடுங்கள், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். 588 பிக்சல் படம், தாளில் 5 சென்டிமீட்டர். படத்தை 500, 600 என்று கண்டபடி நீட்டிக் குறுக்கினால் சில கட்டம் 12 புள்ளி, சில 13 என்று கோணும், ஓரமும் மங்கும். எவ்வளவு நீட்டினாலும் மங்காத எஸ்விஜி ஃபைலாகவே அச்சகத்துக்குக் கொடுப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

தூரத்துக்குப் பொதுக் கணக்கு பத்துக்கு ஒன்று: 5 சென்டிமீட்டர் கோடு அரை மீட்டரில் வாசிக்கும். கட்டம் நெருக்கமானால் இந்தக் கணக்கு செல்லாது. கேமரா ஆப் 1280×720 பிக்சல் சட்டத்தில் தேடுகிறது என்று கொள்வோம். ஒரு கட்டத்துக்கு 4 பிக்சலாவது கிடைத்தால் நிம்மதி. நம் கோடுக்கு 196 பிக்சல் போதும், சட்டத்தின் உயரத்தில் கால்வாசிக்குச் சற்று மேல். 40ஆம் வெர்ஷன் ஓரத்தோடு 185 கட்டம், 740 பிக்சல் வேண்டும். சட்டத்துக்குள்ளேயே அடங்காது! பொது இடத்தில் ஒட்டும் கோடு வெர்ஷன் 10ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது. எம் நிலையில் அது 213 பைட், தமிழில் 71 குறியீடு. அதற்கு மேல் சொல்ல இருந்தால் உரையைச் சுருக்குங்கள், அல்லது லிங்க்குக்குப் போங்கள்.

ஒரே தரவை 16 கோடுகள் வரை பிரித்து வைக்கத் தரநிலையில் வழி இருக்கிறது. போன் கேமராக்கள் பெரும்பாலும் அவற்றை ஒட்டிக் கொடுப்பதில்லை, மறந்துவிடலாம்.

படி 5: ஒட்டும் முன் சோதியுங்கள்

குறைந்தது இரண்டு போன், இரண்டு வேறு ஆப். வந்த உரையை நகலெடுத்து மூல உரையோடு ஒப்பிடுங்கள். ‘வந்துவிட்டது’ என்று மட்டும் பார்த்து விடாதீர்கள்.

மேலே சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ என்று வரிசையாக வந்தால், ஆப் யுடிஎஃப்-8ஐ லத்தீன் என்று தப்பாக ஊகித்துவிட்டது. தமிழ்க் குறியீடுகளின் முதல் இரண்டு பைட் பெரும்பாலும் ஒன்றே, அதனால்தான் அந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. யுடிஎஃப்-8 அறிவிப்பைச் சேர்க்கும் மென்பொருளில் மறுபடி உருவாக்கிப் பாருங்கள். வெர்ஷன் 7 ஆகும், பரவாயில்லை.

படம், ஜிப் போன்ற உரையல்லாத பைட்டை நேரடியாக வைத்தால் இன்னும் மோசம்: பல ஆப்கள் எல்லாவற்றையும் உரை என்றே எடுத்துக்கொண்டு சிதைத்துவிடும். ஆதாரின் பாதுகாப்பு கியூஆரை ஸ்கேன் செய்தால் நீண்ட எண் ஒன்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். சுருக்கிய விவரம், படம், டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் ஒரே பெரிய எண்ணாக மாற்றப்பட்டு இலக்க முறையில் இருக்கின்றன. மூன்று இலக்கத்துக்கு 10 பிட் என்பதால் இடமும் வீணாவதில்லை, எந்த ஆப்பும் அதைக் கெடுப்பதும் இல்லை.

கோடு கண்டுபிடிக்கப்படவே இல்லையென்றால் ஓரம், நிறம், வளைவு என்ற வரிசையில் பாருங்கள். கறுப்பில் வெள்ளைக் கோடு சில ஆப்களுக்குப் புரியாது. லேமினேஷன் வெயிலில் பளிச்சிடும், மேட் வகை வாங்குங்கள். பலகையை மரத்தண்டோடு வளைத்துக் கட்டாதீர்கள். பல ஆப்களுக்கு அடிப்படையான இசட்க்சிங் நிரல், மூலைச் சதுரங்கள் மூன்றோடு கீழ் வலப்பக்கச் சின்னச் சதுரம் ஒன்றை மட்டும் வைத்தே முழுக் கோடையும் சமதளமாகக் கணக்கிடுகிறது. நடுவில் புடைத்திருந்தால் கட்டங்களின் இடம் தவறிவிடும். தட்டையான தகட்டில் ஒட்டி, கயிற்றில் தொங்கவிடுங்கள்.