வீட்டு நாஸ் சர்வரில் ரைட் கேச்: வேகக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2.5 கிகாபிட் இணைப்புள்ள நாஸ் சர்வருக்கு, அதாவது நெட்வொர்க் வழியே கோப்புகளை வாங்கிச் சேமிக்கும் கணினிக்கு, பெரிய வீடியோக் கோப்பு ஒன்றை அனுப்பும்போது, முதல் சில நொடிகள் நொடிக்கு 280 மெகாபைட்டில் ஓடிய வேகம் சட்டென்று 80க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், ஹார்ட் டிஸ்க் பழுது என்றோ கேபிளில் கோளாறு என்றோ பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல. முதலில் தெரிந்தது ரேம் வாங்கிக்கொண்ட வேகம். பிறகு தெரிவதுதான் டிஸ்க் எழுதும் வேகம். சர்வர் தரவை முதலில் ரேமில் வாங்கிவைத்துக்கொண்டு, வந்து சேர்ந்துவிட்டது என்று பதில் அனுப்பிவிடுகிறது. டிஸ்க்கில் எழுதும் வேலை பின்னால் நடக்கிறது. இப்படி இடையில் வாங்கிவைத்துக்கொள்ளும் இடமே ரைட் கேச். இதற்கு வரம்பு உண்டு. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில், எழுதப்படாமல் காத்திருக்கும் தரவு இயல்பமைப்பில் ரேமின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ரேம் எவ்வளவு பெரிதானாலும் 4 கிகாபைட்தான் உச்சம். 16 கிகாபைட் ரேம் உள்ள கணினியில் நொடிக்கு 280 மெகாபைட் உள்ளே வந்து 80 மட்டும் டிஸ்க்குக்குப் போனால், அந்த 1.6 கிகாபைட் இடம் எட்டு நொடிக்குள் நிரம்பிவிடும்.

ஆகவே ஒரு கிகாபைட் கோப்பை அனுப்பிப் பார்த்துவிட்டுச் சர்வரின் வேகம் இவ்வளவு என்று சொல்வது பிழை. ரேமைப் போல் இரண்டு மூன்று மடங்கு பெரிய கோப்பைக் கொண்டு சோதிக்க வேண்டும். அந்தக் கோப்பு வெறும் சுழியங்களால் ஆனதாகவும் இருக்கக் கூடாது. தரவுச் சுருக்கம் இயங்கும் சேமிப்பில் சுழியங்கள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடுவதால், எந்த டிஸ்க்கும் எட்ட முடியாத வேகம் திரையில் தோன்றும்.

மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக்கொள்வது பழைய தவறுதான், ஆனால் இன்றும் வீண்செலவு வைக்கிறது. எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். 1 கிகாபிட் இணைப்பின் கோட்பாட்டு உச்சம் நொடிக்கு 125 மெகாபைட். நடைமுறையில் 110 சொச்சம். இன்றைய பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றே தொடர்ச்சியாக எழுதும்போது அதைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பெரிய கோப்புகளை அனுப்புவதற்காக எஸ்எஸ்டி கேச் வாங்கிப் பொருத்துவதில், என் கருத்தில், பயனே இல்லை. வேகம் மாறாமல் 11 அல்லது 12 மெகாபைட்டிலேயே நின்றால், கேபிளின் நான்கு இணைக் கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்து இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐபெர்ஃப்3 என்ற கருவி டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளந்து சொல்லும். எதையும் வாங்குவதற்கு முன் அதை இரு திசையிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

கேச் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் அன்ரெய்டு என்னும் நாஸ் இயங்குதளம் போன்ற அமைப்பு. அங்கே பாரிட்டி (டிஸ்க் ஒன்று செத்தால் அதன் தரவை மீட்க உதவும் கூடுதல் தரவு) உள்ள டிஸ்க் வரிசையில் எழுதும்போது, பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் முதலில் படித்து, டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்த பிறகே இரண்டிலும் புதியதை எழுத வேண்டியிருப்பதால், தனித்து 200 மெகாபைட் தரக்கூடிய டிஸ்க்கும் 60, 70 என்று தேய்ந்துவிடுகிறது. எஸ்எஸ்டியில் வாங்கிவைத்துக்கொண்டு, மூவர் என்னும் நிரல் அதிகாலையில் வரிசைக்கு மாற்றட்டும் என்று விடுவதே இதற்கான ஏற்பாடு. இதில் பலர் விட்டுவிடுவது குறைந்தபட்சக் காலியிட அமைப்பை. கோப்பை எங்கே வைப்பது என்பதை அதன் இறுதி அளவு தெரியாமலே, உருவாக்கும் கணத்தில் அன்ரெய்டு முடிவுசெய்துவிடுவதால், அந்த எண்ணை நிரப்பாதவர்களுக்குப் பெரிய கோப்பு பாதி வழியில் இடமில்லை என்று அறுந்துபோகும். நீங்கள் அனுப்பும் பெரிய கோப்புகளைவிடக் கூடுதலான எண்ணை அங்கே கொடுங்கள். மூவர் வேலை செய்யும் வரை அந்தத் தரவுக்குப் பாரிட்டிப் பாதுகாப்பும் கிடையாது. ஒற்றை எஸ்எஸ்டி கேச் என்றால் அது செத்தால் அன்றைய தரவும் சேர்ந்தே போகும்.

எந்த எஸ்எஸ்டி என்பதும் முக்கியம். சாம்சங் 870 க்யூவிஓவின் 1 டெராபைட் வகை நொடிக்கு 530 மெகாபைட் எழுதும் என்று அட்டையில் இருக்கும். ஆனால் அதற்குள்ளேயே ஒரு கேச் இருக்கிறது, அதன் அளவு அதிகபட்சம் 42 கிகாபைட். அது நிரம்பினால் வேகம் 80 மெகாபைட்டுக்கு விழும், அதாவது ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்குகளிலும் இதே கதைதான். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் அந்த வகை என்று தெரியவந்தபோது எழுந்த சர்ச்சைக்கு இதுவும் ஒரு காரணம்.

இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோர் ஸ்லாக் சாதனத்தை, அதாவது எழுத வேண்டியதைக் குறித்துவைக்கும் தனிச் சாதனத்தை, ரைட் கேச் என்று நினைத்து வாங்குகிறார்கள். தரவு பத்திரமாகப் பதிந்துவிட்டது என்ற உடனடி உறுதியைக் கேட்டு எழுதும் வேலைகளுக்கு மட்டுமே அது உதவும். விண்டோஸிலிருந்து எஸ்எம்பி என்னும் கோப்புப் பகிர்வு முறை வழியே கோப்பை நகலெடுப்பது பெரும்பாலும் அந்த வகையில் சேராது. என்எஃப்எஸ் என்னும் மற்றொரு பகிர்வு முறை வழியே மெய்நிகர் கணினி ஓட்டுவோருக்குத்தான் அதன் பலன் தெரியும். அவர்கள் வேகத்துக்காக அந்த உறுதியையே அணைத்துவிடுவது அதைவிட மோசம்: மின்சாரம் போனால் கடைசிச் சில நொடிகளில் எழுதிய தரவு மறைந்து, கோப்பு முறைமை சீராக இருந்தாலும் உள்ளே ஓடிய தரவுத்தளம் கெடலாம். யுபிஎஸ் இல்லாத வீட்டில் அந்த அமைப்பைத் தொடவே வேண்டாம். படிக்கவும் எழுதவும் எஸ்எஸ்டி கேச் போட்டிருக்கும் நாஸ் பெட்டிகளில், மென்பொருளில் கேச்சை நீக்கி, தேங்கிய தரவு முழுவதும் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகே எஸ்எஸ்டியைக் கழற்ற வேண்டும்.