பாலக்காட்டுப் பக்கம் நர்சிங் சேர வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து பெண்பிள்ளைகளை நர்சிங் படிக்க இந்தப் பக்கம் அனுப்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு பஸ் ஏறுங்கள். நான் கொழிஞ்சாம்பாறைக்கு வாக்கப்பட்டு வந்து 19 வருடம் ஆகிறது. கோபாலபுரம் எல்லை தாண்டி கேரளத்துக்குள் வந்தாலும் கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை தமிழ்தான் பேசுவார்கள். அதை நம்பித்தான் நாங்களும் ஏமாந்தோம்.

கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், கேரள நர்சிங் கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவையில் வாங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நம் ஊர் ஜாதிச் சான்றிதழை வைத்து கேரள அரசின் சலுகை கேட்க முடியாது. இங்குள்ள பிள்ளைகள் இ-கிராண்ட்ஸ் என்ற கேரள அரசின் உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிப்பார்கள், அது நமக்கு இல்லை. எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையைச் சொந்த மாநிலம்தான் தரும். எங்கே படித்தாலும் தமிழ்நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே புதிதாக பேங்க் அக்கவுண்ட் திறந்து அதில் ஆதாரை இணைத்தால் பணம் அதற்குப் போய்விடும், அதையும் கவனியுங்கள்.

இனி எங்களுக்கு நடந்தது. என் அக்கா மகளைச் சேர்க்க ஓர் ஏஜென்ட் வந்தார். என் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். "ஸ்காலர்ஷிப்பே எல்லாத்தையும் பார்த்துக்கும் அக்கா, கையில இருந்து 15 ஆயிரம் போதும்" என்றார். கல்லூரி பெயரே இல்லாத ஒரு துண்டு ரசீது கொடுத்தார். அப்புறம் நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார், எல்லாம் மலையாளம். நான் மலையாளம் நன்றாகவே பேசுவேன், எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வராது. வீட்டுக்காரர் தோட்டத்தில் இருந்தார். அவர் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்காவும் மகளும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் பக்கத்தில் மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பும் சீட், என்று இருந்தது. டிசம்பரில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரியும். வெளிப்படையான மெரிட் முறை இல்லாமல் மேனேஜ்மென்ட் கோட்டாவிலோ ஸ்பாட் அட்மிஷனிலோ நிரப்பிய சீட்டுக்குப் போஸ்ட் மெட்ரிக் தொகை கிடையாது என்பது விதி. இங்கே அரசு மெரிட் சீட்டுகளை எல்பிஎஸ் சென்டர் என்ற கேரள அரசு அமைப்பு ஒதுக்குகிறது, அதற்குக் கேரள நேட்டிவிட்டி (கேரளத்தைச் சேர்ந்தவர் என்ற சான்று) கேட்பார்கள். அதனால் எல்லை தாண்டி வருகிற நம் பிள்ளைக்கு ஏஜென்ட் காட்டும் சீட் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் சீட்தான். இது அந்த ஆளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நினைக்க நினைக்க எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

போன் செய்தால் அவர் எடுக்கவில்லை. ஃபீஸைக் கட்டினால்தான் பிளஸ் டூ மார்க் ஷீட் தருவோம் என்றார்கள் கல்லூரியில். அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லியிருக்கிறது. அன்று எங்களுக்கு அது தெரியாது. அக்கா தாலிக்கொடியை அடகு வைத்தாள். "சித்தி, நான் வேணா படிப்ப நிறுத்திக்கறேன்" என்று பிள்ளை சமையல்கட்டில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

கடைசியில் கல்விக் கடன்தான் கை கொடுத்தது. அதற்கு இங்கே அலையாதீர்கள், பெற்றோர் குடியிருக்கும் ஊர் பிராஞ்சுக்கே போங்கள். வித்யா லட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம், பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. மேனேஜ்மென்ட் சீட் என்றால் மேனேஜரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் வட்டி மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது, உங்கள் கல்லூரி அதில் வருமா என்றும் கேளுங்கள்.

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் தமிழ்நாட்டுக் கல்லூரியிலேயே சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சீட் கிடைக்கிறது என்று அவசரப்பட்டு இந்தப் பக்கம் வருவதற்கு முன் அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வந்தே ஆக வேண்டும் என்றால் சரி, படிவத்தை வாங்கிக்கொண்டு ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்றால் என் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். என் மகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறாள், நான்கு பக்கத்தையும் வாசித்துச் சொல்வாள்.