மங்களூரு முதல் கோகர்ணம் வரை: கர்நாடகக் கடற்கரையை ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றுவது எப்படி?

கோவா போகிற ரயிலில் நம்மவர்கள் போர்வைக்குள் படுத்தபடி கடந்துவிடுகிற நிலம் இது. மங்களூருவில் தொடங்கி கார்வார் வரை ஏறத்தாழ 300 கி.மீ. கடற்கரை. மேற்கே அரபிக் கடல், கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஆறு குறுக்கே ஓடிவந்து கடலில் கலக்கும். இவ்வளவு பெரிய நாட்டில் கடலையும் காட்டையும் அருவியையும் இத்தனை நெருக்கத்தில், கார் இல்லாமலே, கைக்கு அடங்கிய செலவில் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட வசதியான பகுதி இல்லை.

லாட்ஜ் பதிவு செய்வது, தட்கல் எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: முதலில் மாதம், பிறகு ஊர்

"ஜோக் அருவியும் வேண்டும், செயின்ட் மேரீஸ் தீவும் வேண்டும்" என்றுதான் எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். இரண்டுக்கும் பருவம் எதிரெதிர். ஜோக் அருவி சுமார் 253 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. ஆனால் அதற்கு மேலே ஷராவதி ஆற்றில் 1964-இல் கட்டி முடித்த லிங்கனமக்கி அணை இருக்கிறது. மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் தேக்கிவைப்பதால் மார்ச், ஏப்ரலில் போனால் பாறையில் நாலைந்து வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். அருவி அருவியாக இருப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரை. அதே மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால் தீவுக்குப் படகு விடமாட்டார்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் அக்டோபர். அருவியில் தண்ணீர் மிச்சம் இருக்கும், படகும் தொடங்கியிருக்கும், வயல்கள் பச்சையாக இருக்கும். கடல் மட்டும் போதும் என்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி. ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் புழுக்கத்துக்குச் சென்னையிலேயே இருக்கலாம்.

மீன் பிரியர்களுக்கு ஒரு இடைச்செருகல். நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் அங்கே போய் மீன் வறுவல் கேட்டால் பெரும்பாலும் ஐஸில் இருந்தது வரும்.

படி 2: மங்களூரு போய்ச் சேருவது (இதை நிதானமாகப் படியுங்கள்)

சென்னை சென்ட்ரலிலிருந்து போகும் வண்டிகளில் இரண்டைச் சொல்கிறேன். மதியம் கிளம்பும் வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் மறுநாள் விடியலில் கொண்டுபோய்விடும். இரவு கிளம்பும் மங்களூரு மெயில் மறுநாள் நண்பகல் வாக்கில் சேரும். இரண்டும் பாலக்காடு, கோழிக்கோடு வழி. என் ஓட்டு வெஸ்ட் கோஸ்டுக்கு. காலையில் இறங்கினால் அன்றைய நாள் முழுக்க உங்களுடையது.

சிக்கல் இங்கேதான். மங்களூருவில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள். மேலே சொன்ன வண்டிகள் முடிவது மங்களூரு சென்ட்ரலில். அது ஒரு முட்டுச்சந்து. தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும். கேரளத்திலிருந்து வந்து கொங்கண் பாதையில் மும்பை, குஜராத் பக்கம் போகிற வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலுக்குள் வருவதில்லை. மங்களூரு ஜங்ஷனில் நின்றுவிட்டு அப்படியே வடக்கே போய்விடும். இரண்டுக்கும் இடையே 5 கி.மீ.க்கு மேல். ஜங்ஷனின் பழைய பெயர் கங்கனாடி. ஆட்டோக்காரர்களுக்கு இன்றும் அந்தப் பெயர்தான் சட்டென்று பிடிபடும்.

ஐஆர்சிடிசியில் "மங்களூரு முதல் உடுப்பி" என்று தேடினால் அக்கம்பக்கத்து நிலையங்களிலிருந்து கிளம்பும் வண்டிகளும் கலந்து வரும். சென்ட்ரலில் இறங்கும் நேரத்தையும் அடுத்த வண்டியின் நேரத்தையும் மட்டும் ஒப்பிட்டு, "முக்கால் மணி நேரம் இருக்கே, தாராளம்" என்று டிக்கெட் போட்டால் தொலைந்தது. சென்னை வண்டி அரை மணி தாமதமானாலே அந்த முக்கால் மணி போய்விடும். ஆட்டோவில் பையோடு ஓடும்போது எதிரே ரயில்வே கேட் மூடியிருந்தால் கதை முடிந்தது.

அதனால் டிக்கெட் போடும்போது வண்டியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஏறும் நிலையத்தின் குறியீட்டைப் பாருங்கள். எம்.ஏ.க்யூ என்றால் சென்ட்ரல். எம்.ஏ.ஜே.என் என்றால் ஜங்ஷன். சென்ட்ரலிலிருந்தே கிளம்பும் மத்ஸ்யகந்தா போன்ற வண்டிகளும், கோவாவின் மட்கான் வரை போகிற உள்ளூர் வண்டியும் இருக்கின்றன. நேரம் ஒத்துவந்தால் அவற்றையே எடுங்கள்.

அதைவிட எளிய வழி உண்டு. உடுப்பிக்கு ரயிலே வேண்டாம். சென்ட்ரலில் இறங்கி, பல் துலக்கி, ஒரு பன்ஸும் காபியும் முடித்து (வாழைப்பழம் பிசைந்து பூரி மாதிரி உப்பப் பொரிப்பார்களே, அதுதான் அந்த ஊர் பன்ஸ்), ஸ்டேட் பேங்க் பஸ் நிலையத்துக்குப் போய்விடுங்கள். பெயர்தான் அப்படி, தனியார் பஸ்கள் எல்லாம் கிளம்பும் இடம் அது. உடுப்பி எக்ஸ்பிரஸ் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கண்டக்டர் பின்படியில் தொங்கியபடி ஒரு விசில் அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் பறக்கும். கிட்டத்தட்ட 60 கி.மீ. தூரம். முன்சீட்டில் உட்காராதீர்கள், ஓட்டுநர் முந்துவதைப் பார்த்தால் பன்ஸ் ஜீரணமாகாது.

படி 3: உடுப்பியில் தங்குங்கள்

உடுப்பியை ஒட்டிய மல்பேயில் கடலோர அறைகள் இருக்கின்றன. இருந்தாலும் முதல்முறை போகிறவர்களுக்கு உடுப்பி டவுன்தான் சரி. நாலாபக்கமும் பஸ் உண்டு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

மல்பேயிலிருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு. தீவு என்றதும் மணலும் தென்னையும் எதிர்பார்ப்போம். இரண்டும் கொஞ்சம் உண்டு. ஆனால் பார்க்கப் போவது கல்லை. அறுகோணத் தூண்கள், வரிசை வரிசையாக, யாரோ அளந்து வெட்டி நட்டுவைத்த மாதிரி நிற்கும். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது சுருங்கி, சீராக வெடித்ததால் வந்த வடிவம். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்த காலத்தது, வயது சுமார் 8.8 கோடி ஆண்டுகள். வாஸ்கோ ட காமா 1498-இல் இங்கே இறங்கிப் பெயர் வைத்தார் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

முதல் படகிலேயே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல் கால் வைக்க முடியாத சூடு. செருப்பைக் கழற்றினால் குதிப்பீர்கள். தூண்களின் விளிம்பு கூர்மையானது, ஈரமான இடத்தில் பாசி வழுக்கும். மெல்லிய ரப்பர் செருப்பு உதவாது, பின்வார் வைத்த செருப்பு போடுங்கள்.

மாலைக்குக் காப்பு (Kaup) என்கிற கடற்கரை ஊர். உடுப்பிக்குத் தெற்கே, மங்களூரு பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். பாறை மேல் 1901-இல் கட்டிய கலங்கரை விளக்கம். மேலே ஏறவிடுவது மாலையில் கொஞ்ச நேரம்தான், அதனால் நாலு மணி வாக்கில் அங்கே இருங்கள்.

படி 4: மரவந்தே

கொங்கண் ரயில் பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அதிலிருந்து கடல் அதிகம் தெரியாது. பாதை பெரும்பாலும் உள்வாங்கி ஓடுகிறது. தெரிவது ஆறுகளும் தென்னந்தோப்பும் மலையும்தான். அதுவும் அழகுதான், குறிப்பாக ஹொன்னாவர் அருகே ஷராவதிப் பாலம் ஏறத்தாழ 2 கி.மீ. நீளம். ஆனால் ஜன்னலோரம் கடல் வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும்.

உடுப்பியிலிருந்து குந்தாபுரா தாண்டி பைந்தூர் போகிற பஸ்ஸில், தேசிய நெடுஞ்சாலை 66-இல், மரவந்தே வரும். இடதுபக்கம் கடல், வலதுபக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் சாலை மட்டும். கொல்லூர்ப் பக்கமிருந்து வரும் ஆறு கடலைத் தொடும் தூரத்துக்கு வந்தும் கலக்காமல் திரும்பிப்போய், கங்கொள்ளியில்தான் சேர்கிறது. இறங்கி ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். குளிக்க இறங்காதீர்கள், கரை சட்டென்று ஆழமாகும்.

படி 5: பட்கலுக்கு வடக்கே பஸ் மாறும்

உடுப்பி மாவட்டம் வரை தனியார் பஸ் ராஜ்ஜியம். உத்தர கன்னட மாவட்டத்துக்குள் நுழைந்ததும் அரசு பஸ்தான் பெரும்பாலும். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்ற வசதி அங்கே இல்லை. இந்த இடத்தில் ரயிலுக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

முருதேஸ்வரில் 123 அடி சிவன் சிலையும் 20 நிலைக் கோபுரமும். கோபுரத்துக்குள் லிஃப்ட் உண்டு, மேலிருந்து மூன்று பக்கக் கடலும் தெரியும். எனக்கு அரை நாள் போதும். ஹொன்னாவருக்கு முன்னால் காசர்கோட் கடற்கரை (கேரளத்துக் காசர்கோடு வேறு, மேப்பில் மாற்றிக் குத்திவிடாதீர்கள்). இந்தியாவில் 2020-இல் முதன்முதலாக நீலக்கொடிச் சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) வாங்கிய எட்டுக் கடற்கரைகளில் ஒன்று. உடுப்பிக்குத் தெற்கே உள்ள படுபித்ரியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் கோவளத்துக்கு அடுத்த ஆண்டு கிடைத்தது. குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் காசர்கோடும் படுபித்ரியும்தான் என் பரிந்துரை.

ஜோக் அருவிக்கு ஹொன்னாவரிலிருந்து மலைப்பாதையில் 60 கி.மீ. போல. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். வளைவுகள் அதிகம், வயிறு புரட்டும் ஆட்கள் காலி வயிற்றோடு ஏறுங்கள்.

படி 6: கோகர்ணம்

நிலையத்தின் பெயர் கோகர்ணா ரோட். "ரோட்" என்று முடிந்தாலே ஊர் தள்ளி இருக்கிறது என்று ரயில்வே சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே 10 கி.மீ. போல. எல்லா வண்டியும் நிற்காது. தேடும்போது கும்டாவையும் சேர்த்துத் தேடுங்கள். கும்டாவில் இறங்கி பஸ் பிடித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஊர். இரவு வண்டியில் வந்து இறங்குவதாக இருந்தால் தங்குமிடத்திலேயே ஆட்டோவுக்குச் சொல்லிவையுங்கள்.

மஹாபலேஸ்வரர் கோயில் துளு நாட்டில் உள்ள ஒரே பாடல் பெற்ற தலம். சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள். ஆண்கள் வேட்டியோடு, மேல்சட்டை இல்லாமல் போக வேண்டும்.

ஊர்க் கடற்கரையில் நேரம் செலவழிக்க வேண்டாம். தெற்கே குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று நான்கு கடற்கரைகள், இடையே குன்றுகள். நடந்தே போகலாம். எல்லோரும் நடந்து போய்ப் படகில் திரும்பத் திட்டமிடுகிறார்கள். நான் சொல்வது தலைகீழ். காலையில் படகில் பாரடைஸ் போய்விட்டு, வடக்கு நோக்கி நடந்து வாருங்கள். மாலையில் படகு கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. ஓம் கடற்கரை வந்துவிட்டால் சாலை உண்டு, ஆட்டோ உண்டு. செம்மண்ணும் சரளைக்கல்லுமான பாதை, ஹாஃப் மூனுக்கும் பாரடைஸுக்கும் இடையே செங்குத்தான பாறை ஏறி இறங்க வேண்டும். சில சமயம் அந்தத் துண்டை மூடியும் வைப்பார்கள். முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் போன பிறகு அங்கே இருக்கக் கூடாது.

செயலிகள்

"வேர் இஸ் மை டிரெயின்" ஒன்று போதும். இணையம் இல்லாத இடத்திலும் செல்போன் கோபுர சிக்னலை வைத்து ஓரளவு வேலை செய்யும். மேப்பை வீட்டிலேயே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். கடலுக்கு, ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தின் அலை எச்சரிக்கைப் பக்கத்தைக் காலையில் ஒருமுறை பாருங்கள். வானம் பளிச்சென்று, காற்றே இல்லாமல் இருக்கும்போதும் எங்கோ தெற்கே கிளம்பிய பேரலை கரையில் ஏறும். வானிலைச் செயலியில் வெயில் படம் போட்டிருப்பதை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது. சிவப்புக் கொடி இருந்தாலோ உயிர்காப்பாளர் விசில் அடித்தாலோ வாக்குவாதம் வேண்டாம்.

வாசகர் கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தது

"நீங்கள் சொன்ன வண்டி நேரம் தப்பாக இருக்கிறது" என்று ஒருவர் ஜூலையில் எழுதியிருந்தார். கொங்கண் ரயிலுக்கு மழைக்கால அட்டவணை என்று தனியாக ஒன்று உண்டு. ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை. மண்சரிவுக்கும் பாறை உருளலுக்கும் பயந்து வேகத்தைக் குறைத்து ஓட்டுவதால் கிளம்பும் நேரமே மாறும். அதனால்தான் இந்தப் பதிவில் நேரங்களை எடுத்துவிட்டேன். டிக்கெட் போடும் நாளில் ஐஆர்சிடிசியிலும், பயணத்துக்கு முந்தைய நாள் செயலியிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோரோடு போகலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கோகர்ண நடையையும் செயின்ட் மேரீஸ் தீவையும் விட்டுவிடுங்கள். படகில் ஏறி இறங்குவதே அவர்களுக்குச் சிரமம். உடுப்பி, மரவந்தே, முருதேஸ்வர் மூன்றையும் உடுப்பியிலிருந்து டாக்சி வைத்து ஒரே நாளில் பார்க்கலாம்.

சாப்பாடு பற்றியும் கேள்வி. சைவர்களுக்கு உடுப்பியில் கோளி பஜே (மைதா போண்டா), நீர் தோசை. அசைவர்கள் "காணே ரவா ஃப்ரை" என்று கேளுங்கள், நம் கிழங்கான் மீன்தான் அது. மெனுவில் விலை போடாமல் "சைஸைப் பொறுத்து" என்று எழுதியிருந்தால், மீனைக் காட்டச் சொல்லி விலை கேட்டுவிட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள்.