முப்பது நாள் பாஸும் தோட்டத்து விலாசமும்: பதிவுத் திருமணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது அடிக்கடி நடக்கிற காரியம் இது. தமிழ்நாட்டிலிருந்து மாப்பிள்ளை சுற்றுலாவாக வருவார், தோட்டத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்குவார், கல்யாணத்தைப் பதிய எல்லாருமாகப் பதிவிலாகாவுக்குப் போவார்கள். "இந்த மாவட்டத்தில்தான் தங்கியிருக்கிறார் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். என் அக்கா மகள் கல்யாணத்தில் அப்படி முழித்தவர்களில் நானும் ஒருவன். தாய்மாமன் என்ற முறையில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான்தான்.

முஸ்லிம் அல்லாதார் கல்யாணங்களுக்கு இங்கே 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், அதாவது சட்டம் 164. 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டினாலும் சட்டப்படி பதிந்தாக வேண்டும். பதிவதற்கு முன்னால், கல்யாணம் செய்யப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முந்தைய ஏழு நாளும் அந்தத் திருமண மாவட்டத்தில் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் 21 நாள் பலகையில் தொங்கும்.

இந்த ஏழு நாளுக்குத்தான் அத்தாட்சி கேட்கிறார்கள். நம்மவர்களோ "குடியிருப்புச் சான்றிதழ்" என்று ஒரு காகிதம் எங்கேயோ கிடைக்கும் என்று தேடிக் கிளம்புகிறார்கள். சுற்றுலா பாஸில், அதாவது சுற்றுலாவாகத் தங்கும் அனுமதியில், வந்தவருக்கு அப்படி ஒன்று கிடையாது. நீல ஐ.சி. (அடையாள அட்டை) குடிமக்களுக்கு, சிவப்பு ஐ.சி. நிரந்தர வாசிகளுக்கு. இணையத்தில் தேடினால் வருமான வரி வாரியம் கொடுக்கும் ஒரு சான்றிதழ் கண்ணில் படும். அது ஒரு வருடத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தவர்களின் வரிக் கணக்குக்கான சமாச்சாரம். அதன் பின்னால் ஓடி இரண்டு நாளை வீணாக்கியவர்கள் உண்டு.

உண்மையில் காட்ட வேண்டியது இரண்டுதான்: எந்தத் தேதியில் நாட்டுக்குள் வந்தார், அன்றிலிருந்து எந்த வீட்டில் இருக்கிறார். முதலாவதற்குக் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) விழும் முத்திரை போதும். சில நாட்டவர்கள் தானியங்கிக் கதவு வழியாகவே வந்துவிடலாம், ஆனால் அங்கே முத்திரை விழாது. பத்து நிமிடம் கூடுதலாக வரிசையில் நின்றாலும் பரவாயில்லை, கவுண்டர் வழியாக வருவது நல்லது.

இரண்டாவதுதான் தலைவலி. தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், சொந்த வீடு என்றால் மின்கட்டண பில்லையும் வீட்டுக்காரரின் ஐ.சி. நகலையும் நீட்டிவிடலாம். நான் இருப்பது கம்பெனி வீடு. பில் தோட்டத்தின் பேரில் வருகிறது. என் ஐ.சி.யில் இன்னும் பழைய டிவிஷன் (தோட்டப் பிரிவு) பேர்தான் இருக்கிறது. தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு, பேரும் மாறிவிட்டது. லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டு எண்ணோ கதவில் பெயிண்டால் எழுதியதோடு சரி, எந்தக் காகிதத்திலும் இல்லை. மாப்பிள்ளை வந்த தேதி ஜாகா (காவலாளி) கொட்டகை நோட்டில் அழகாகப் பதிவாகியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது!

கடைசியில் கைகொடுத்தவர் எங்கள் பெரிய கிராணி, அதாவது தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர். தோட்டத்து லெட்டர்ஹெட்டில், வீட்டு எண், என் பேர், வந்தவரின் பேர், கடப்பிதழ் எண், எந்தத் தேதி முதல் தங்குகிறார் என்று நாலு வரி, கீழே முத்திரை. அதை வந்த முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கம்பெனி வீட்டில் வெளியாள் தங்குவதை ஆபீசுக்குச் சொல்லாமல் இருப்பதே தப்பு. சொல்லாமல் எட்டு நாள் வைத்துவிட்டு ஒன்பதாம் நாள் கடிதம் கேட்டால் எந்தக் கிராணிதான் கையெழுத்துப் போடுவார்?

அதோடு நான் ஒரு சத்தியப் பிரமாணமும் செய்தேன். சூராட் அக்குவான் என்றால்தான் கடைகளில் புரியும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன். சத்தியப் பிரமாண ஆணையர் அதைப் பார்த்துச் சிரித்தார். "என் முன்னால் போட வேண்டியதை உங்கள் வீட்டில் போட்டால் எனக்கு என்ன வேலை?" திரும்பவும் டைப். அதிலும் ஒரு குளறுபடி: நம் ஐ.சி. பழக்கத்தில் மாப்பிள்ளை பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவே "ஏ/எல்" (இன்னாரின் மகன் என்பதற்கான சுருக்கம்) சேர்த்துவிட்டேன். இந்தியக் கடப்பிதழில் அது கிடையாது. குடும்பப் பேர் முன்னே, சொந்தப் பேர் பின்னே என்று எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் இது வேறு ஆள் என்பார்கள். பொய்ப் பிரமாணம் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். ஈப்போவில் தங்கியவரை உங்கள் வீட்டில் தங்கியதாக எழுதிக் கொடுக்காதீர்கள். ஈப்போ கிந்தா மாவட்டம், நாம் கோலகங்சார் மாவட்டம்.

போலீஸ் ரிப்போர்ட் போட்டால் அத்தாட்சி ஆகிவிடும் என்று ஒட்டுக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். ரிப்போர்ட் என்பது நீங்கள் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்வது, அவ்வளவுதான். கோயில் தலைவர் கடிதமும் துணைக்குத்தான் ஆகும். ஹோட்டலில் தங்கினால் ரசீது மாப்பிள்ளை பேரிலேயே இருக்கட்டும், மச்சான் பேரில் போட்டது உதவாது.

இன்னொரு தவறு விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. அதில் தங்கும் விலாசத்துக்குப் பலர் கோலாலம்பூரில் ஏதோ ஒரு ஹோட்டல் பேரைப் போட்டுவிடுகிறார்கள். தோட்டத்துக்கு வருகிறவர் தோட்டத்து விலாசத்தையே, 31100 என்ற அஞ்சல் எண்ணோடு போடட்டும். பிறகு கிராணி கடிதம், பிரமாணம், நோட்டீஸ் எல்லாவற்றிலும் அதே விலாசம், அதே எழுத்து.

இனி நாள் கணக்கு. இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா வேண்டாம், ஆனால் 30 நாள்தான். ஒன்றாம் தேதி வந்தால், வந்த நாளைத் தள்ளி ஏழு நாள் எட்டாம் தேதி முடியும். ஒன்பதாம் தேதி நோட்டீஸ். 21 நாள் கூட்டினால் முப்பது. அன்றைக்குப் பாஸும் முடிகிறது! நடுவில் ஒரு பொது விடுமுறை வந்தாலோ, தூதரகத்தில் வாங்க வேண்டிய மணமாகாதவர் என்ற கடிதம் தாமதமானாலோ போச்சு. அந்தக் கடிதத்தைத் தங்கும் அத்தாட்சியோடு சேர்த்தே முதல் வாரத்தில் கிளப்பிவிட வேண்டும். மந்திரி பெசார் (மாநில முதல்வர்) கொடுக்கும் சிறப்பு லைசென்ஸ் இருந்தால் நோட்டீஸ் தேவையில்லை என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதை நம்பி மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

பாஸ் தாண்டித் தங்குவது மட்டும் கூடவே கூடாது. அபராதம் பத்தாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாமல் வரும், ஐந்து வருடம் வரை சிறையும் உண்டு. தங்க வைத்த வீட்டுக்காரர் மேலும் வழக்குப் பாயும்.

நாங்கள் செய்தது இதுதான். நோட்டீஸ் ஆறு மாதம் செல்லும். அதைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை நாமக்கல் திரும்பினார், மூன்றாம் மாதம் மறுபடி வந்தார், வந்த வாரத்திலேயே பதிந்தோம். பதிந்த கையோடு இங்கேயே தங்கிவிடலாம் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். துணைவருக்கான நீண்டகாலப் பாஸைக் குடிநுழைவுத் துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் அதே கிராணியிடம் போய் நின்றேன். "மறுபடியும் நீங்களா?" என்றபடி லெட்டர்ஹெட்டை எடுத்தார்.