சிங்கப்பூருக்கு ரிசர்ச் விசிட் வர்றீங்களா? விசா, பாஸ் வேலைய இப்படி ஆரம்பிங்க

ஊர்ல இருந்து மாசத்துக்கு ரெண்டு பேராவது மெசேஜ் பண்றாங்க, "அங்க ஒரு ப்ரொஃபசர் கூப்பிட்டிருக்காரு, எந்த விசா போடணும்?"னு. நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி திருப்பிக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: இங்க வந்து என்ன செய்யப் போறீங்க?

முதல் படி இதுதான். ஒரு பேப்பர எடுத்து நீங்க இங்க செய்யப் போறத ஒரே வரில எழுதுங்க. கான்ஃபரன்ஸ்ல உக்காந்து கேக்கறதா, மேடையேறிப் பேசறதா, லேப்ல எக்ஸ்பெரிமெண்ட் பண்றதா, ஸ்டூடண்டா ஆறு மாசம் இருக்கறதா? அந்த ஒரு வரிய வெச்சுதான் மத்த எல்லாமே.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, காலேஜ்ல எனக்கு சீனியர், கான்ஃபரன்ஸுக்கு வந்தாங்க, முடிஞ்சதும் அப்படியே மூணு வாரம் லேப்ல சாம்பிள் ரன் பண்ணிட்டுப் போலாம்னு ப்ளான், சம்பளம் கிடையாதே, அப்ப அது வேலை இல்லதானேன்னு அவங்களும் நெனச்சிருக்காங்க, கூப்பிட்டவரும் நெனச்சிருக்காரு. ஆனா விசிட் பாஸ்ல, அதாவது கொஞ்ச நாள் தங்கிட்டுப் போக வர்றவங்களுக்கான அனுமதில, சம்பளத்தோடயும் சரி, சம்பளம் இல்லாமயும் சரி வேலை செய்யக் கூடாது. அந்த லேப்போட ஹெச்ஆர் கடைசி நேரத்துல முடியாதுன்னுட்டாங்க. பாவம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு, உள்ள இன்னொருத்தர் பிப்பெட் பிடிக்கறதப் பாத்துட்டே இருந்தாங்க. மனசு கஷ்டமாயிடுச்சு எனக்கு. ஆனா ஹெச்ஆர் சொன்னதுதான் சரி, பாஸ் இல்லாம வேலை செஞ்சு மாட்டினா 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம்.

அடுத்து, உங்க வரிக்கு ஏத்த வழி.

கான்ஃபரன்ஸ், மீட்டிங்னு வந்து கேட்டுட்டுப் போறதுன்னா விசிட் பாஸ் போதும். மேடையேறிப் பேசறீங்கன்னா அது மனிதவள அமைச்சோட வொர்க் பாஸ் விலக்குல வரும், அதாவது வேலைக்கான பாஸ் இல்லாமயே செய்யலாம், வருஷத்துக்கு 90 நாள் வரைக்கும். பேச்சு மதம், இனம், அரசியல் பக்கம் போச்சுன்னா அந்த விலக்கு கிடையாது, அதுக்குத் தனி பாஸ் இருக்கு. நம்ம ஆளுங்க புரோட்டீன் பத்திதான் பேசப் போறாங்க, அதனால கவலை வேணாம்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேணும். வர்ற தேதிக்கு முன்னாடி 30 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும், பாஸ்போர்ட்ல ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும். அரசாங்கக் கட்டணம் 30 வெள்ளி, ரிஜெக்ட் ஆனாலும் திரும்பி வராது. ஏஜெண்ட் காசு அதுக்கு மேல.

பிஎச்டி பண்றவங்க இங்க யூனிவர்சிட்டில சில மாசம் தங்கி ஆராய்ச்சி பண்றதுன்னா பெரும்பாலும் ஸ்டூடண்ட் பாஸ். யூனிவர்சிட்டி உங்கள சேத்துக்கிட்டப்புறம்தான் ஐசிஏங்கற குடிநுழைவுத் துறையோட சோலார்ங்கற ஆன்லைன் சிஸ்டத்துல நீங்க அப்ளை பண்ண முடியும்.

லேப்ல வேலைன்னா பெரும்பாலும் எம்ப்ளாய்மெண்ட் பாஸ். இத நீங்க போட முடியாது, உங்கள எடுக்கற நிறுவனம்தான் போடணும். 2025 ஜனவரில இருந்து புதுசா போடறவங்களுக்கு மாசச் சம்பளம் குறைஞ்சது 5,600 வெள்ளி இருக்கணும், வயசு ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும், அதோட காம்பஸ்ங்கற புள்ளி முறைல 40 எடுக்கணும். ஒரு மாசத்துக்குள்ள முடியற வேலைக்கு காம்பஸ் கிடையாது. ப்ரொஃபசர் "வாங்க, பாத்துக்கலாம்"னு அனுப்பற மெயில நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க. எந்த பாஸ், யார் போடறாங்க, எப்ப போடறாங்கன்னு ஹெச்ஆர்கிட்ட எழுத்துல வாங்குங்க. கேக்கக் கூச்சப்படாதீங்க, அவங்க வேலையே அதுதான். எங்க அக்கா அடுத்த தடவ இத முதல்லயே கேட்டாங்க, பாஸும் வந்துச்சு.

மூணாவது, பேர். நம்ம தமிழ் ஆளுங்களுக்குன்னே வர்ற தலைவலி இது. டிகிரி சர்டிபிகேட்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிஞ்சு சர்நேமா நிக்கும், மார்க்‌ஷீட்ல இனிஷியல் பின்னாடி போயிருக்கும். காம்பஸ்ல படிப்புக்குப் புள்ளி வேணும்னா சர்டிபிகேட்ட சரிபார்ப்பு நிறுவனத்துக்கிட்ட குடுத்து உறுதி பண்ணணும், அங்க இந்தக் கொழப்பம் நாளக் கடத்தும். அப்ளிகேஷன்ல பாஸ்போர்ட்ல இருக்கறத எழுத்து மாறாம அப்படியே போடுங்க, ரெண்டு விதமா இருக்கற பேரும் ஒரே ஆளோடதுதான்னு ஊர்லயே ஒரு அஃபிடவிட் வாங்கி வெச்சுக்கோங்க.

எம்ப்ளாய்மெண்ட் பாஸ் அப்ரூவல் ஆச்சுன்னா ஐபிஏ லெட்டர்னு ஒரு முதற்கட்ட ஒப்புதல் கடிதம் வரும், உள்ள வர்றதுக்கான ஒரு தடவ விசாவும் அதுலயே இருக்கும், தனியா போட வேணாம். வந்தப்புறம் நிறுவனம் பாஸ இஷ்யூ பண்ணும், பெண்டிமியர் ரோடு சென்டர்ல கைரேகை கேட்டா போய்க் குடுத்துட்டு வந்துடுங்க.

கடைசியா எல்லாருக்கும் பொதுவா எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது உள்ள வர்றவங்க நிரப்பற படிவம். வந்து இறங்கறதுக்கு முன்னாடி, வர்ற நாளையும் சேத்து மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், இது இலவசம், காசு கேக்கற சைட்டா இருந்தா உடனே மூடிடுங்க. இது விசா இல்லங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

சாங்கி இறங்குனதும் பாஸ்போர்ட்ல முத்திரை குத்த மாட்டாங்க, அதுக்குப் பதிலா ஈ-பாஸ்னு மின்னணு விசிட் பாஸ் மெயில்ல வரும். எத்தன நாள் தங்கலாம்ங்கறது அதுலதான் இருக்கு, விசால போட்டிருக்கற தேதிய வெச்சுக் கணக்குப் போடாதீங்க. பேச வந்தவங்க அமைச்சுக்கு ஆன்லைன்ல தகவல் குடுக்கணுமான்னு ஏற்பாட்டாளர்கிட்ட கேட்டுக்கோங்க, குடுக்கணும்னா இங்க வந்து இறங்குனப்புறம், மேடையேறுறதுக்கு முன்னாடி குடுத்துடணும், அதனால அந்த ஈ-பாஸ் மெயில ஃபோன்ல சேவ் பண்ணிட்டே ஏர்போர்ட்ட விட்டு வெளிய வாங்க.